யாரையும் தெரியாதவர்கள்

வேலைக்குப் பயோடேட்டா எழுதியாயிற்று, யாரிடம் கொடுப்பது? திருவண்ணாமலைப் பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகளிடம் கேட்டால் ஒரே பதில்தான்: "எங்களுக்கு யாரை சார் தெரியும்?" அப்பாவுக்கு விவசாயம், வீட்டில் முதல் பட்டதாரி. நியாயமான கவலைதான்.

அண்ணாமலையிலிருந்து சுமார் 35 கிலோமீட்டரில், தென்பெண்ணைக் கரைத் திருக்கோவிலூரில் 1910-ல் நடந்ததைக் கேளுங்கள். எஃப்.ஏ. என்ற அந்தக் காலக் கல்லூரித் தேர்வில் தேறாத, கல்யாணமும் ஆகிவிட்ட 22 வயது இளைஞர் ஒருவர் அங்கிருந்த டெபுடி கலெக்டரைப் பார்க்கப் போனார். தாலுகா ஆபீஸில் குமாஸ்தா வேலை வேண்டும். கையில் கணக்கு நோட்டு. அந்த அதிகாரி வி. ராமசாமி ஐயர், 1907-ல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர். நோட்டைப் புரட்டியவர் வேலை கொடுக்கவில்லை. இந்த மூளையைத் தாலுகா ஆபீஸில் முடக்க மனம் வரவில்லை. சென்னை நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். வந்தவர் சீனிவாச ராமானுஜன்.

அதன்பின் ஒருவர் கைகாட்ட இன்னொருவர். பி.வி. சேஷு ஐயர் வழியாக நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ். அவர் முதலில் நம்பவில்லை. நம்பியபின் மாதம் 25 ரூபாய் கொடுத்து ஆதரித்தார். 1912 மார்ச் 1 அன்று சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தா வேலை. இதைச் சிபாரிசு என்று தள்ளிவிட முடியாது. ஒவ்வொரு வாசலிலும் அந்த நோட்டைப் பிரித்துக் காட்ட வேண்டியிருந்தது. உங்கள் நோட்டு எது? ப்ராஜெக்ட்டா, டேலியில் போட்ட கணக்கா? எதுவானாலும் கையில் இருக்கட்டும்.

அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானவெட்டர், தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களை விசாரித்தார். அடிக்கடி பார்க்கும் ஆளால் வேலை கிடைத்தது ஆறில் ஒருவருக்குத்தான். மற்றவர்களுக்கு உதவியவர்கள் எப்போதாவது பார்க்கிறவர்கள். நெருங்கியவர்களுக்குத் தெரிந்த சேதி பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததுதானே!

அப்படி எப்போதாவது பார்க்கிறவர்கள் உங்களுக்கும் உண்டு. ஆடிட்டர் ஆபீஸில் சேர்ந்த சீனியர், செய்யாறு சிப்காட்டில் இருக்கும் ஊர்க்காரர், பௌர்ணமிக்குப் பெங்களூரிலிருந்து வரும் அத்தையின் பக்கத்து வீட்டுக்காரர். (கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர், பேச நேரம் உண்டு. அதற்காக மனிதரை வழி முழுக்கப் பிடித்துக்கொள்ளாதீர்கள்.) "வேலை வாங்கிக் கொடுங்க" என்று ஆரம்பித்தால் நழுவிவிடுவார். "இந்த வேலைக்கு எப்படி சார் வந்தீங்க? ஆபீஸ்ல ஒரு நாள் பூரா என்ன செய்வீங்க? புதுசா வர்றவங்களுக்கு என்ன தெரிஞ்சிருக்கணும்?" என்று இருபது நிமிடம் கேளுங்கள். தன் கதையைச் சொல்ல யாருக்குத்தான் பிடிக்காது! கிளம்பும்போது, "இன்னும் யாரைப் பார்த்தா நல்லது சார்?" இதைக் கேட்காமல் எழுந்து வராதீர்கள். அன்றைக்கே இரண்டு வரி நன்றி அனுப்புங்கள். தினமும் குட்மார்னிங் பூப்படம் வேண்டாம். பெண் பிள்ளைகள் தோழியோடு, ஆபீஸ் நேரத்தில், ஆபீஸிலேயே போய்ப் பாருங்கள்.

சிலர் பதிலே போடமாட்டார்கள். துறைமுகக் குமாஸ்தா ராமானுஜன் 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்கு எழுதினார். அதற்கு முன்பே பேக்கர், ஹாப்சன் என்ற இரண்டு கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர்களுக்கு எழுதியிருந்தார். இருவரும் உதவவில்லை.