யாரைச் சேர்ப்பது, யாரை நீக்குவது?
கணனிக் குழுக்களும் செயற்கை நுண்ணறிவு முகவரும்

குடும்பம் புத்தளத்தில், தொழில் யாழ்ப்பாணத்தில் என்ற வாழ்க்கை வடபுல முஸ்லிம்களுக்குப் பழகிப்போன ஒன்று. 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்ட சுமார் 75,000 பேரில் நகரத்தாரும் இருந்தனர், தீவகத்தாரும் இருந்தனர். 2009இன் பின்னர் மீண்டவர்களில் பலர் இன்றும் இரண்டு இடத்துக்கும் அலைகின்றனர். தூரத்திலிருந்து கடை நடத்துபவருக்குக் கணனியும் கையடக்கத் தொலைபேசியும்தான் கல்லாப்பெட்டி. அதன் சாவி யார் கையில் இருக்கிறது என்பதே இவ்வாரம் நாம் பேசவிருக்கும் விடயம்.

உதாரணத்துக்கு, ஊர்காவற்றுறையில் நண்டும் மீனும் கொள்வனவு செய்யும் ஒரு வியாபாரத்தை எடுத்துக்கொள்வோம். முதலாளி புத்தளத்தில். கணக்கெழுதுபவர் வேலணையில். நெடுந்தீவிலும் நயினாதீவிலும் ஆளுக்கொருவர் கொள்வனவுக்கு நிற்கின்றனர். கடல் கொந்தளித்தால் குறிகட்டுவானிலிருந்து படகு புறப்படாது. ஆனால் விலைப்பட்டியலும் கணக்கும் இணையத்தில் ஓடிக்கொண்டிருக்கும். பெரும்பாலான இடங்களில் எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்ட்தான். நெடுந்தீவில் நிற்பவர் விலகிப் போட்டியாளரிடம் சேர்ந்தால் அந்த பாஸ்வேர்ட்டும் அவருடனேயே போய்விடும். நாளைக் காலை நீங்கள் என்ன விலைக்கு வாங்கப் போகிறீர்கள் என்பதை அவர் இன்றிரவே பார்த்துவிடுவார்.

இதற்குப் பெரிய நிறுவனங்கள் கண்ட வழி குழுக்கள். ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு. ‘கொள்வனவு’, ‘கணக்கு’, ‘நிர்வாகம்’ என்று குழுக்கள். அதிகாரம் ஆளுக்கு அல்ல, குழுவுக்கு. ஒருவரைக் குழுவில் சேர்த்தால் கதவு திறக்கும், நீக்கினால் மூடும். இந்த வேலைக்கென்றே மென்பொருட்கள் உண்டு. மைக்ரோசொஃப்டின் என்ட்ரா, அமெரிக்காவின் ஒக்டா ஆகியவை பிரபலமானவை. நமது நாட்டில் 2005இல் ஆரம்பமான டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனத்தின் ஐடென்டிட்டி சேர்வரும் உலகச் சந்தையில் பெயர் பெற்றதுதான். இதை நம்மவர் பலர் அறிந்திருப்பதில்லை.

இப்போது வந்திருக்கும் மாற்றம் என்னவென்றால், இந்தச் சேர்ப்பதையும் நீக்குவதையும் செயற்கை நுண்ணறிவு முகவரிடம் வாய்ச் சொல்லாக ஒப்படைக்க முடியும். 2024 நவம்பரில் அந்த்ரோபிக் நிறுவனம் எம்சிபி என்ற பொது முறையை வெளியிட்டது. முகவர் வெளி மென்பொருட்களின் கருவிகளைப் பயன்படுத்த அது வழி செய்தது. அடுத்த ஆண்டிலேயே ஒக்டா போன்றவை தமது கருவிகளை அவ்விதம் திறந்துவிட்டன. “நெடுந்தீவு ரிஸ்வானைக் கொள்வனவுக் குழுவிலிருந்து எடுத்துவிடு” என்று எழுதினால் போதும். ஆளைத் தேடி, குழுவைத் தேடி, முகவர் நீக்கிவிடும்.

ஆனால் எந்த ரிஸ்வானை? நமது சமூகத்தில் இந்தக் கேள்வி சிறியதல்ல. ஒரு கடையிலேயே மூன்று ரிஸ்வான் இருப்பார்கள். முகம்மது என்ற ஒரு பெயரையே ஆங்கிலத்தில் ஐந்து விதமாக எழுதுகிறோம். பிறப்புச் சான்றிதழில் ஒன்று, அடையாள அட்டையில் வேறொன்று. பெயரை மட்டும் சொல்லி முகவரை ஏவினால் கணக்கெழுதும் ரிஸ்வான் சம்பள நாளன்று வெளியே நிற்பார், விலகிப்போன ரிஸ்வான் உள்ளேயே இருப்பார். ஆகவே ஊழியர் இலக்கத்தைச் சொல்ல வேண்டும், அல்லது மின்னஞ்சல் முகவரியைச் சொல்ல வேண்டும். தேசிய அடையாள அட்டை இலக்கத்தை இதற்குப் பயன்படுத்தாதிருப்பதே நல்லது. அது கடைக்கு வெளியிலும் செல்லுபடியாகும் சாவி.

பட்டியலில் பெயர் விடுபட்டால் என்னவாகும் என்பதை வடபுல முஸ்லிமுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. புத்தளத்தில் பதிவதா, சொந்த ஊரில் பதிவதா என்று வாக்காளர் இடாப்புக்காக ஆண்டுக்கணக்கில் அலைந்தவர்கள் நாம். அங்கே தட்டிக் கேட்க ஒரு கிராம உத்தியோகத்தராவது இருந்தார்.

முகவர் வரம்பு மீறாது என்றும் சொல்வதற்கில்லை. 2025 ஜூலையில் ரெப்ளிட் நிறுவனத்தின் முகவர், எதையும் மாற்றாதே என்று சொல்லப்பட்டிருந்தும் ஒரு வாடிக்கையாளரின் தரவுத்தளத்தையே அழித்துவிட்டது. நிறுவனத் தலைவர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். எனவே முகவருக்கு முதலாளியின் கணக்கை ஒருபோதும் கொடுக்கக் கூடாது. அதற்கெனத் தனிக் கணக்கு திறந்து, முதல் சில மாதங்கள் பார்வையிடும் அனுமதி மட்டும் வழங்கலாம். யார் எந்தக் குழுவில் இருக்கிறார், யார் ஆறு மாதமாக உள்ளே வரவே இல்லை என்று பட்டியலிட அதுவே போதும். சொல்லப்போனால் மிகப் பயனுள்ள வேலையும் அதுதான். நீக்கும் அனுமதி கொடுத்த பின்னரும், மனிதர் ஒருவர் பார்த்துச் சம்மதித்தாலன்றி நிறைவேறாதபடி வைக்க வேண்டும். நிர்வாகக் குழுவை அது தொடவே கூடாது.

ஒவ்வொரு மாற்றமும் யார் சொல்லி, எப்போது நடந்தது என்று பதிவாக வேண்டும். கொடுக்கல் வாங்கலை எழுதிவைக்கவும் சாட்சி வைக்கவும் சொல்லும் 2:282ஆம் வசனம்தான் குர்ஆனிலேயே மிக நீளமானது என்பதை அறிந்த வியாபாரிகளுக்கு இது புதுப் பாடமல்ல.

நாலு பேர் உள்ள கடைக்கு முகவர் தேவையில்லை என்பதே எமது அபிப்பிராயம். ஐந்து கிளை, ஐம்பது ஊழியர் என்று வளர்ந்தவர்கள் யோசிக்கலாம். நாலு பேருக்கும் தனித்தனிக் கணக்குத் திறப்பதை இவ்வாரமே செய்யலாம், செலவும் பெரிதாக வராது. அதற்கு முன் ஒரு கொப்பியில் இன்று யார் யாரிடம் அந்தப் பொது பாஸ்வேர்ட் இருக்கிறது என்று எழுதிப் பாருங்கள். விலகிப்போனவர்களையும் சேர்த்து.