லினக்ஸுக்குக் குடிபோன ரிப்போர்ட்

சம்பளச் சீட்டு, கடை பில், மதிப்பெண் பட்டியல் எதுவானாலும், எந்த வரி பக்கத்தின் எந்த இடத்தில் விழ வேண்டும் என்று கணக்குப் போடுவது மென்பொருளுக்குள் இருக்கும் ரிப்போர்ட் லைப்ரரி. ஒழுங்காக ஓடும்வரை அதை யாரும் நினைப்பதில்லை. புதிய தளத்துக்கு மாற்றும்போதுதான் அது எத்தனை பேர் தோளில் நின்றுகொண்டிருந்தது என்று தெரிகிறது.

2002-ல் மைக்ரோசாஃப்ட்டின் டாட்நெட் ஃபிரேம்வொர்க் வந்தபோது, விஷுவல் ஸ்டுடியோவோடு கிரிஸ்டல் ரிப்போர்ட்ஸ் என்ற ரிப்போர்ட் மென்பொருளும் சேர்ந்தே வந்தது. அன்று விண்டோஸ் கணினி ஒன்று, அதன் பக்கத்தில் பிரிண்டர் ஒன்று, அவ்வளவுதான் உலகம். எழுத்தின் அகலத்தை அளக்கவும், கோடு போடவும் சிஸ்டம்.டிராயிங் இருந்தது, அதற்கு அடியில் விண்டோஸின் ஜிடிஐ பிளஸ். தமிழ் எழுத்துகளைச் சரியாகக் கோத்துத் தர யுனிஸ்கிரைப் இருந்தது; லதா ஃபான்ட் விண்டோஸோடு வந்தது. லைப்ரரி எழுதியவர் இவற்றைப் பற்றி யோசிக்க வேண்டிய அவசியமே இல்லை.

2016-ல் டாட்நெட்டின் புதிய வடிவமாக வந்த டாட்நெட் கோர் லினக்ஸிலும் ஓடியது. இன்று பல ரிப்போர்ட்டுகள் எங்கோ இருக்கும் லினக்ஸ் சர்வரில் பிடிஎஃப் ஆகின்றன. சிஸ்டம்.டிராயிங் அங்கேயும் சில காலம் லிப்ஜிடிஐபிளஸ் என்ற மாற்று நூலகத்தின் துணையோடு ஓடியது. அதில் 30,000 வரிகளுக்கு மேல் சி மொழி நிரல், பெரும்பகுதி சோதிக்கப்படாதது என்று மைக்ரோசாஃப்ட்டே சொன்னது. 2021-ல் டாட்நெட் 6-ல் விண்டோஸ் அல்லாத இடங்களில் சிஸ்டம்.டிராயிங் பிழை காட்டத் தொடங்கியது. ஒரு அமைப்பை மாற்றித் தப்பிக்க வழி விட்டிருந்தார்கள். மறு ஆண்டு டாட்நெட் 7-ல் அதையும் எடுத்துவிட்டார்கள். கடுமையான முடிவுதான், ஆனாலும் சரியான முடிவு என்றே நினைக்கிறேன். பாதி வேலை செய்யும் அச்சு, வேலையே செய்யாத அச்சைவிட ஆபத்தானது.

அதனால் பலர் கூகுளின் வரைகலை நூலகமான ஸ்கியாவுக்கு மாறினார்கள். நிரல் பிழையின்றி கம்பைல் ஆகிவிடும். உண்மையான வேலை அதற்குப் பிறகுதான். லினக்ஸ் சர்வரில் ஏரியல் ஃபான்ட் இருக்காது, லதாவும் இருக்காது. பதிலுக்கு வரும் ஃபான்டில் எழுத்து இம்மியளவு அகலமாக இருந்தால் போதும்: 'கிருஷ்ணமூர்த்தி' அடுத்த வரிக்கு மடங்கும், அந்த வரிசை உயரும், பக்கத்தின் கடைசி வரிசை அடுத்த பக்கத்துக்குப் போகும், கூட்டுத்தொகை தனியாக ஒரு தாளில் நிற்கும். கட்டங்கள் முன்பே அச்சிட்ட படிவமென்றால் தொகை கோட்டின்மேல் ஏறி உட்கார்ந்துவிடும்.

தமிழுக்கு இன்னொரு சோதனையும் உண்டு. ஸ்கியா தரப்படும் எழுத்துகளை வரையும். கோத்துத் தருவது அதன் வேலையல்ல. அதற்கு ஹார்ஃப்பஸ் என்ற இன்னொரு நூலகம் வேண்டும். அதைச் சேர்க்காமல் விட்டால் 'செல்வி' என்ற பெயரில் ச முதலிலும் அதன் கொம்பு பின்னாலும் வந்து நிற்கும். ஆங்கிலத்தில் மட்டும் சோதிப்பவர் கண்ணில் இது படவே படாது. தன் பெயரே உடைந்து கிடக்கும் ரசீதை ஒருவர் கையில் வாங்கும்போதுதான் தெரியவரும். அவருக்கு நாம் செய்த அவமரியாதை அது.

மற்றவை சமாளிக்கக் கூடியவை. கோட்பேஜ் எனப்படும் பழைய எழுத்துக்குறி அட்டவணைகளைத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும்; ரிப்போர்ட்டுக்குள் எழுதிய சூத்திரங்களைப் பழைய கோட்டாம் இங்கே கம்பைல் செய்யாது, ரோஸ்லின் கம்பைலருக்கு மாற்ற வேண்டும்.

இந்த வேலையில் இறங்கியிருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். பழைய விண்டோஸ் கணினியை அணைப்பதற்கு முன், நீளமான தமிழ்ப் பெயர்களும் பல பக்கங்களும் கொண்ட ரிப்போர்ட்டுகளை அதிலேயே பிடிஎஃப் எடுத்து வையுங்கள். புதியவற்றை அவற்றின்மேல் வைத்து, பக்கம் பக்கமாக ஒப்பிட்டுப் பாருங்கள். அந்தக் கணினி போன பிறகு ஒப்பிட எதுவும் மிஞ்சாது.