குள்ளப் பேத்தை மீனைக் கண்ணாடித் தொட்டியில் வளர்த்தல்

மேற்குத் தொடர்ச்சி மலையில் உற்பத்தியாகி, கேரள நாட்டின் வழியாய் ஓடி, வேம்பநாட்டுக் காயலில் சேருவது பம்பை நதி. இந்நதியிற் கிடைத்த ஒரு சிறு பேத்தை மீனை 1941-ஆம் வருஷத்தில் சுந்தர் லால் ஹோரா, கிருஷ்ணன் நாயர் என்னும் இரு அறிஞர்கள் ஆராய்ந்து, திருவிதாங்கூரின் பெயர் விளங்கச் சாஸ்திரப் பெயரிட்டனர். முழு வளர்ச்சியடைந்த மீனும் ஏறக்குறைய 3 சென்டிமீட்டர் நீளமே உள்ளது. கடற்பேத்தைகளைப் போலன்றி, இது தன் ஆயுள் முழுதும் நல்ல தண்ணீரிலேயே வாழ்வதாகும்.

பசுமை கலந்த மஞ்சள் மேனியும், கரும்புள்ளிகளும், தனித்தனியே சுழலும் கண்களும் உடைய இம்மீனை வீடுகளில் அழகுக்காக வளர்ப்போர் பலர். ஆயினும், வாங்கிய சில வாரங்களுக்குள் இது மாண்டுபோவதுண்டு. விற்பனைக்கு வரும் மீன்களிற் பல ஆற்றிலிருந்தே பிடிக்கப்படுகிறபடியால், வீட்டில் ஒரு மீன் வீணே சாகுமாயின் ஆற்றில் ஒன்று குறைந்ததாகவே கொள்ளவேண்டும். இச்சாவுக்குப் பெரும்பாலும் காரணமாவன இரண்டு: பக்குவப்படாத ஜலம், ஒவ்வாத உணவு.

ஜலத்தைப் பக்குவப்படுத்துதல்

மீனின் கழிவிலிருந்தும், மிஞ்சிய இரையிலிருந்தும் அம்மோனியா என்னும் நச்சுப்பொருள் உண்டாகிறது. தொட்டியின் மணலிலும் வடிகட்டியிலும் வாழும் ஒருவகை பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், வேறுவகை அந்த நைட்ரைட்டை அவ்வளவு தீங்கற்ற நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. புதுத் தொட்டியில் இவை போதிய அளவு பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை ஆகும். நிலத்தைப் பண்படுத்தாமல் விதைத்தவன் விளைவை எதிர்பார்த்தல் எவ்வாறு கூடாதோ, அவ்வாறே தொட்டி பக்குவமாகுமுன் மீனை விடுதலும் கூடாது.

ஒரு மீனுக்கு 20 லிட்டருக்குக் குறையாத ஜலம் வேண்டும். ஆண் மீன்கள் ஒன்றையொன்று கடித்துத் துன்புறுத்துமாதலால், பல மீன்களை வளர்ப்போர் பெரிய தொட்டி அமைத்து, வேலம்பாசி முதலிய நீர்ச்செடிகளை அடர்த்தியாய் நட்டு, ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண் வீதம் விடுதல் நலம். பிற இன மீன்களின் துடுப்புகளையும் இது கடிக்குமாதலால், அவற்றுடன் சேர்க்கலாகாது. ஜலத்தின் உஷ்ணம் 24 முதல் 28 டிகிரி சென்டிகிரேட் வரை இருக்கலாம். வாரந்தோறும் நாலில் ஒரு பங்கு ஜலத்தை அகற்றிப் புது ஜலம் வார்க்கவேண்டும். குழாய் ஜலமாயின் அதிலுள்ள குளோரினை முறிக்கும் மருந்தைச் சேர்த்த பின்னரே வார்த்தல் வேண்டும். வடிகட்டியின் பஞ்சைக் குழாய் ஜலத்திற் கழுவாமல், தொட்டியிலிருந்து எடுத்த ஜலத்திலேயே அலசவேண்டும். இல்லையேல் நன்மை செய்யும் பாக்டீரியாக்கள் அழிந்துபோம்.

உணவு

பேத்தை மீன் உயிருள்ள சிறு பிராணிகளைத் தின்பது. கடையில் விற்கும் உலர்ந்த தூள் உணவைப் பெரும்பாலும் தொடாது. பட்டினி கிடந்து மெலிந்து சாகும். இதன் பற்கள் ஒன்றாய் இணைந்து கிளியின் அலகுபோல் அமைந்துள்ளன. அவை ஓயாது வளரும் இயல்புடையவை. மெல்லிய ஓடுள்ள சிறு நத்தைகளைக் கடித்துத் தின்பதால் அவை தேய்ந்து அளவோடு நிற்கும். வயல்களிலும் வாய்க்கால்களிலும் நத்தைகள் எளிதிற் கிடைப்பினும், பூச்சி மருந்து தெளித்த இடத்தினின்றும் எடுத்தல் பேரபாயம். ஒரு தனிப் பாத்திரத்தில் சில நத்தைகளை விட்டு, வேகவைத்த கீரையிட்டுப் பெருக்கிக்கொள்வதே சிறந்த வழி. சிறிதாய் நறுக்கிய மண்புழுவும், குளிரில் உறையவைத்து விற்கப்படும் செம்புழுவும் கொடுக்கலாம். தின்னாது மிஞ்சியதை உடனே அகற்றிவிடவேண்டும்.

எச்சரிக்கை

அச்சமுற்ற பேத்தை ஜலத்தை விழுங்கி உடலை உப்பச்செய்யும். வேடிக்கைக்காக அதை அச்சுறுத்துதல் தகாது. ஜலத்திற்கு வெளியே எடுத்தால் காற்றை விழுங்கி, அதை வெளிவிட மாட்டாமல் இறக்கவும் கூடும். ஆகையால் வலையில் தூக்காமல், ஜலத்தோடு கிண்ணத்தில் முகந்தே இடம் மாற்றவேண்டும்.

பேத்தை இனத்திற் பலவற்றின் உடலில் கொடிய நஞ்சுண்டு. அந்நஞ்சு சமைப்பதால் நீங்காது. அதற்கு மாற்று மருந்தும் இல்லை. எனவே எந்தப் பேத்தையையும் உண்ணலாகாது. இறந்த மீனைக் கோழிக்கோ பூனைக்கோ எறியாமல் மண்ணிற் புதைத்துவிடவேண்டும். வளர்க்க இயலாதவர்கள் ஊர்க்குளத்தில் விடாமல், வளர்க்கத் தெரிந்தவரிடம் ஒப்படைப்பதே முறை.

முதலில் ஜலத்தைப் பக்குவப்படுத்தி, அடுத்து நத்தையைப் பெருக்கி, அதன்பின் மீனை வாங்குவோர் அதைப் பல ஆண்டுகள் உயிரோடு வைத்திருக்கலாம்.