கல்நார்த் தூசி

மூணாறு, பீருமேடு தோட்டப் பகுதிகளில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட கூரைகள் உண்டு. பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கமும் உண்டு. விலை குறைவு. மழைக்குத் தாங்கும். அதனால் பலரும் வாங்கினார்கள்.

ஆஸ்பெஸ்டாஸ் என்பது பூமியில் கிடைக்கும் ஒரு கல். நார் நாராகப் பிரியும். அதனால் அதற்குக் கல்நார் என்று பெயர். கல்நாரைச் சிமெண்டோடு கலந்து ஷீட் செய்கிறார்கள்.

ஷீட் நன்றாக இருக்கும்போது நார் அதிகம் வெளியே வராது. அறுத்தால், துளை போட்டால், உடைத்தால் தூசி பறக்கும். அதில் உள்ள நார் கண்ணுக்குத் தெரியாது. மூச்சோடு நுரையீரலுக்குள் போகும். அங்கேயே தங்கிவிடும். நுரையீரலைச் சுற்றி மெல்லிய உறை இருக்கிறது. சில நார்கள் அந்த உறை வரை போகும்.

அங்கே என்ன நடக்கிறது?

மனித உடம்பு கோடிக்கணக்கான செல்களால் ஆனது. செல்லுக்குள் நுண்ணிய இழைகள் இருக்கின்றன. அவற்றின் பெயர் குரோமோசோம். தாய் வழியில் 23, தந்தை வழியில் 23, ஆக மொத்தம் 46. செல் எப்போது பெருக வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்ற கட்டளைகள் இவற்றில் உள்ளன. 'நில்' என்னும் கட்டளை, பஸ்ஸின் பிரேக் போன்றது.

கல்நார் இந்த இழைகளைக் கெடுக்கிறது. பல நோயாளிகளின் கட்டிகளில் 9-ஆம் குரோமோசோமில் ஒரு துண்டு இருப்பதில்லை. 22-ஆம் குரோமோசோம் சோடியில் ஒன்று தொலைந்துபோகிறது. 3-ஆம் குரோமோசோமிலும் சேதம் காணப்படுகிறது. இவற்றில்தான் பிரேக்குகள் இருந்தன.

ஒரு பிரேக் போனால் இன்னொன்று தாங்கும். ஒவ்வொன்றாகப் போனால்? போடிமெட்டு இறக்கத்தில் பிரேக் இல்லாத பஸ்தான். செல்கள் நிற்காமல் பெருகும். அதுதான் புற்றுநோய். உறையில் வரும் இந்தப் புற்றுநோய்க்கு மீசோதீலியோமா என்று பெயர். கட்டி வளர வளர, இழைகளில் இன்னும் பல மாற்றங்கள் சேரும். நோயை அடக்குவது கடினமாகும்.

தூசி பட்ட எல்லோருக்கும் இந்த நோய் வருவதில்லை. ஆனால் வருபவருக்கு 20 முதல் 40 ஆண்டுகள், அதற்கு மேலும்கூட, கழித்து வரும். 20 வயதில் ஷீட் அறுத்தவர் 60 வயதில் படுக்கையில் விழலாம். அப்போது பழைய தூசி யாருக்கு நினைவிருக்கும்?

அதனால்தான் 1995-இல் உச்ச நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. கல்நார் ஆலைகள் ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவையும் குறைந்தது 40 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்றது.

ஆனால் வீட்டுக் கூரை வேய்பவருக்குப் பதிவேடு இல்லை. அவரே கவனமாக இருக்க வேண்டும்:

பழைய ஷீட்டை உடைக்கக் கூடாது. தண்ணீர் தெளித்து, முழுதாக இறக்க வேண்டும்.

உடைந்த துண்டுகளைப் பொடியாக்கிப் பாதையில் கொட்டக் கூடாது.

தூசி படிந்த துணியை வீட்டில் உதறக் கூடாது. துவைக்கும் பெண்ணின் மூச்சிலும் அது போகும்.

மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ வந்தால், மருத்துவரிடம் பழைய வேலையையும் சொல்ல வேண்டும். 30 ஆண்டுக்கு முந்தைய வேலையானாலும் சொல்ல வேண்டும்.