காவலூர் டெலஸ்கோப்ல ஒரு ராத்திரி வேணுமா? விண்ணப்பம் போடணும்

கும்மிடிப்பூண்டி சிப்காட்ல வேலை பார்க்கிற ஒரு லிசனர் கேட்டிருந்தார்: "காவலூர்ல இருக்கிற பெரிய டெலஸ்கோப்பை நம்ம மாதிரி ஆளுங்க யூஸ் பண்ண முடியுமா, இல்ல சனிக்கிழமை போய் வேடிக்கை பார்த்துட்டு வர்றதோட சரியா?" மெசேஜ் வந்த நேரம் காலை 6:40. நைட் ஷிஃப்ட் முடிச்சு பஸ்ல உட்கார்ந்து டைப் பண்ணியிருப்பார்போல.

முடியும். காசு கட்டி ஸ்லாட் புக் பண்ற விஷயம் இல்ல இது. நீங்க கொடுக்க வேண்டியது ஒரு காரணம். இந்தப் பொருளை, இந்த டெலஸ்கோப்ல, இந்த மாசத்துல ஏன் பார்க்கணும்னு எழுதிக் கொடுக்கணும்.

காவலூர் எங்க இருக்குன்னு தெரியாதவங்களுக்கு: திருவள்ளூர் வழியா அரக்கோணம் தாண்டிப் போற ரயில் பாதையிலேயே போனா வாணியம்பாடி வரும். அங்க இறங்கி ஆலங்காயம் வழியா ஜவ்வாது மலை. பெங்களூருல இருக்கிற இந்திய வானியற்பியல் நிறுவனம், சுருக்கமா ஐ.ஐ.ஏ., நடத்துற வைணு பாப்பு வானாய்வகம் அங்கதான் இருக்கு. பெரிய டெலஸ்கோப்போட கண்ணாடி விட்டம் 2.34 மீட்டர். அதைக் கட்டணும்னு கனவு கண்ட பாப்பு 1982-ல இறந்துட்டார். 1986-ல திறந்தப்போ அவர் பேரையே வெச்சாங்க. அதே வளாகத்துல 1 மீட்டர், 1.3 மீட்டர் கருவிகளும் இருக்கு.

இந்த மாதிரி இடங்கள்ல வருஷத்தைத் துண்டு போட்டு வெச்சிருப்பாங்க. லடாக் ஹான்லேயில ஐ.ஐ.ஏ. வெச்சிருக்கிற 2 மீட்டர் சந்திரா டெலஸ்கோப்புக்கு நாலு நாலு மாசமா 3 சுற்று. புனே பக்கத்துல இருக்கிற ஜி.எம்.ஆர்.டி. ரேடியோ டெலஸ்கோப்புக்கு ஆறு மாசத்துக்கு ஒண்ணா 2 சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் அறிவிப்பு வரும், கடைசித் தேதி இருக்கும், வந்ததையெல்லாம் ஒரு நேர ஒதுக்கீட்டுக் குழு படிச்சு மார்க் போடும். ஆபீஸ்ல ஒரே ஜி.பி.யூ. கிளஸ்டருக்கு பத்து டீம் அடிச்சுக்கிறதைப் பார்த்தவங்களுக்கு இது புதுசா இருக்காது. ஒரே வித்தியாசம், இங்க கூடுதல் மெஷின் வாங்கிப் போட முடியாது. ராத்திரி ஒண்ணுதான்.

போட்டி எவ்வளவுன்னு புரிய ஒரு உச்ச உதாரணம்: ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியோட நாலாவது சுற்றுக்கு, 2024 அக்டோபர்ல, 2,377 விண்ணப்பம் வந்துச்சு. கேட்ட நேரம் சுமார் 78,000 மணி. இருக்கிறதைப்போல ஏறக்குறைய 9 மடங்கு. நம்ம ஊர்க் கருவிகளுக்கு அந்த அளவு கூட்டம் இல்ல, ஆனா குழு கேட்கிற கேள்விகள் அதேதான்.

முதல் கேள்வி, எவ்வளவு நேரம் வேணும்? இங்கதான் கணக்கு வருது. சூரியன் மாதிரி ஒரு நட்சத்திரத்துக்குக் குறுக்கே வியாழன் சைஸ் கிரகம் போனா, வெளிச்சம் சுமார் 1 சதவீதம் குறையும். அதைப் பிடிக்கணும்னு வெச்சுக்குவோம். கேமரா எண்ணுறது ஒளித்துகள்களை. 10,000 துகள் எண்ணினா, அதுல இயல்பாவே வர்ற ஏற்ற இறக்கம் அதோட வர்க்கமூலம், அதாவது 100. அதுவே 1 சதவீதம் ஆச்சு! நீங்க தேடுற சிக்னல் சத்தத்துக்குள்ளேயே முங்கிடும். 10 லட்சம் துகள் எண்ணினா ஏற்ற இறக்கம் 1,000, அதாவது 0.1 சதவீதம். இப்போ கிரகம் தெரியும். துல்லியம் 10 மடங்கு வேணும்னா வெளிச்சம் 100 மடங்கு வேணும். இதைத்தான் விண்ணப்பத்துல 'டெக்னிக்கல் ஜஸ்டிஃபிகேஷன்'ங்கிற பகுதியில எழுதணும். கேமரா ஒவ்வொரு படத்தையும் படிச்சு முடிக்கிற நேரம், அடுத்த நட்சத்திரத்துக்குத் திரும்புற நேரம் எல்லாத்தையும் சேர்த்து.

அடுத்தது, ஏன் பெரிய கருவி? 2.34 மீட்டர் கண்ணாடி 1 மீட்டரைவிட 5 மடங்குக்கு மேல வெளிச்சம் வாங்கும். ஆனா உங்க நட்சத்திரம் பளிச்சுன்னு இருந்தா, சின்னதே போதும்னு குழு சொல்லும். என்னைக் கேட்டா, சின்னக் கருவியைக் கேட்கிறதுதான் ஆரம்பக்காரங்களுக்கு புத்திசாலித்தனம்.

மூணாவது, வானம். நீங்க கேட்கிற பொருள் அந்தச் சுற்றுல ராத்திரி மேல இருக்கணும். ஜூன்ல ஓரியன் நெபுலா கேட்டா சிரிப்பாங்க, அது அப்போ சூரியன் பக்கம் இருக்கும். மங்கலான கேலக்ஸின்னா அமாவாசையை ஒட்டின ராத்திரிகள் வேணும். பிரகாசமான நட்சத்திரத்தோட நிறமாலைன்னா பௌர்ணமியிலும் ஓட்டலாம். பௌர்ணமி போதும்னு சொல்றவருக்கு இடம் கிடைக்கிறது கொஞ்சம் சுலபம்.

காவலூருக்கு ஒரு தனிச் சிறப்பு இருக்கு. அது 12 டிகிரி சொச்சம் வட அட்சத்துல இருக்கிறதால தெற்கு வானமும் தெரியும். 1987-ல பெரிய மெகல்லன் மேகத்துல சூப்பர்நோவா வெடிச்சப்போ, காவலூர்ல இருந்து பார்த்தா அது தொடுவானத்துக்கு மேல அதிகபட்சம் 8 டிகிரிதான். கையை நீட்டி முஷ்டியை மடக்கினா சுமார் 10 டிகிரி, அதைவிடக் கம்மி. அப்படியிருந்தும் அதோட நிறமாலையை அங்க எடுத்தாங்க. 'ஏன் இந்த இடம்?'ங்கிறதுக்கு இதைவிட நல்ல பதில் கிடைக்காது.

எல்லாம் சரியா எழுதி, நேரமும் கிடைச்சு, அன்னிக்கு மேகம் வந்தா? போச்சு. பொதுவா ஈடு கிடையாது, அடுத்த சுற்றுல மறுபடி வரிசையில நிக்கணும். பிஎச்.டி. மூணாவது வருஷத்துல இருக்கிற ஒருத்தருக்கு இது ஆறு மாச வாழ்க்கை.

இப்போ லிசனர் கேள்வியோட நிஜமான பாதி: யார் கேட்கலாம்? ஐ.ஐ.ஏ.-வில வேலை பார்க்கணும்னு இல்ல. ஜி.எம்.ஆர்.டி.-க்கு உலகத்துல எங்க இருந்தும் விண்ணப்பிக்கலாம். புனேல 1988-ல ஆரம்பிச்ச ஐயூக்கா மையம் இருக்கிறதே பல்கலைக்கழகங்களுக்காக. கிராவலியில இருக்கிற அவங்களோட 2 மீட்டர் டெலஸ்கோப்பைக் கட்டினதும் பல்கலைக்கழக ஆட்களை மனசுல வெச்சுத்தான். ஆனா தனி ஆளா, ஆராய்ச்சிப் பின்னணி இல்லாம போட்டா நிக்காது. கூட ஒரு ஆசிரியர் வேணும். நம்ம பக்கத்துக் கல்லூரிகள்ல பிசிக்ஸ் டிபார்ட்மெண்ட் கதவைத் தட்டிப் பாருங்க. ஐயூக்காவோட இணைஞ்சிருக்கிற கல்லூரி ஆசிரியர்கள் பட்டியலும் அவங்க வெப்சைட்லயே இருக்கு.

பெரிய பேரு இல்லாதவன் எழுதினா படிப்பாங்களான்னு சந்தேகம் வரும், நியாயம்தான். ஹப்பிள் டெலஸ்கோப் குழுவே 2018-ல விண்ணப்பங்கள்ல பேரை மறைச்சுப் படிக்க ஆரம்பிச்சாங்க. அந்தச் சுற்றுல, பெண்கள் தலைமையில வந்த விண்ணப்பங்களோட வெற்றி விகிதம் ஆண்களோடதைக் கொஞ்சம் தாண்டிச்சு. அதுக்கு முன்னாடி வருஷக்கணக்கா நிலைமை தலைகீழ்.

ஷிஃப்ட் வேலையில இருக்கிறவருக்கு இன்னொரு வழி. எடுத்த டேட்டா பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட காலம் வரைக்கும்தான் எடுத்தவங்களுக்குச் சொந்தம், அப்புறம் பொதுவுல வந்துடும். ஜி.எம்.ஆர்.டி. காப்பகம் அப்படித்தான். நாசாவோட டெஸ் விண்கலம் எடுத்த நட்சத்திர ஒளி அளவுகளை யாரும் இறக்கிக்கலாம், பைத்தான் தெரிஞ்சா போதும். அதுல ஒரு நட்சத்திரத்தைப் பிடிச்சு, வெளிச்சம் குறையுறதை நீங்களே வரைஞ்சு எடுத்துக்கிட்டுப் போய் அந்த பிசிக்ஸ் ஆசிரியர்கிட்ட காட்டுங்க. பேச்சை அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.