அடைபட்ட நீரில் தோன்றும் குமிழி: அலையாத்தி மரத்தை முன்வைத்து ஒரு கணினிவழி விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

திரவத்தின் அழுத்தம் மிகக் குறையும்போது அதனுள் ஆவிக்குமிழி தோன்றுவது குழிவாக்கம் எனப்படும். அடைபட்ட திரவத்தில் அக்குமிழியின் வளர்ச்சியைக் கொள்கலனே வரையறுக்கிறது என்பதையும், கணினி உருவகப்படுத்துதலில் அதனைச் சேர்க்கும் முறையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

முன்னுரை

பொன்னேரி வட்டத்தில் உப்பு நீரிலிருந்து நன்னீர் இரு வழிகளில் பிரிகிறது. காட்டுப்பள்ளியில் 2010இல் தொடங்கப்பட்ட, நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறன்கொண்ட நிலையம் கடல்நீரைச் சவ்வின் வழியே அழுத்தித் தள்ளும் முறையைக் கையாள்கிறது. பழவேற்காட்டு உவர்நீரில் வேரூன்றிய அலையாத்தி மரமோ அதே பணியை இழுத்துச் செய்கிறது. கடல்நீரின் சவ்வூடுபரவல் அழுத்தம் ஏறத்தாழ 25 வளிமண்டலம். அதனை வெல்லச் சைலக் குழாய்களிலுள்ள நீர் அதனினும் மிகுந்த இழுப்பிற்கு உட்பட வேண்டும். அலையாத்தி மரங்களில் இவ்விழுப்பு 30 வளிமண்டலத்தைக் கடப்பதை ஷோலாண்டர் குழுவினர் 1965இல் அளந்து காட்டினர். இந்நிலையில் தோன்றும் ஒரு குமிழி அக்குழாயின் நீரோட்டத்தையே அறுத்துவிடக்கூடும்.

கொள்கலனைச் சமன்பாட்டில் சேர்த்தல்

ரேலே 1917இல் அமைத்து, பிளெசெட் 1949இல் விரிவாக்கிய சமன்பாடு எல்லையற்ற திரவத்திற்கு உரியது. அதில் 30 வளிமண்டல இழுப்பைப் பொருத்தினால், குமிழியின் ஆரம் நொடிக்கு ஏறத்தாழ 45 மீட்டர் வேகத்தில் முடிவின்றி வளரும். அடைபட்ட நீரில் இது நிகழாது. குமிழி வளர வளர, விரிந்திருந்த நீர் தன் இயல்பான கன அளவுக்குத் திரும்புகிறது, இழுப்பு தளர்கிறது. குமிழி ஆரத்திற்கும் அறை ஆரத்திற்கும் உள்ள விகிதத்தின் முப்படியைப் பருமக் குணகத்தால் பெருக்கிக் கிடைக்கும் எதிரழுத்தமே சமன்பாட்டில் சேர்க்க வேண்டிய உறுப்பு.

எடுத்துக்காட்டாக, 10 மைக்ரோமீட்டர் ஆரமுள்ள கோள அறையைக் கொள்வோம். சுவர் விறைப்பானது, நீரின் பருமக் குணகம் 2.2 கிகாபாஸ்கல், இழுப்பு 3 மெகாபாஸ்கல். குமிழி ஏறத்தாழ 1.1 மைக்ரோமீட்டர் ஆரத்தில், அதாவது அறை ஆரத்தின் 11 விழுக்காட்டில், சமநிலை அடைகிறது. அந்நிலையைச் சுற்றி அது நொடிக்கு ஏறத்தாழ 1.3 கோடி முறை அலைவுறும். ஓர் அலைவுக்கு 75 நானோநொடியே ஆவதால், கணிப்பின் காலப்படி 1 நானோநொடிக்கும் குறைவாக இருத்தல் நன்று. சுவர் நெகிழ்ந்து பயனுறு குணகம் 1 கிகாபாஸ்கலாகக் குறைந்தால், விகிதம் 14 விழுக்காடாக உயர்கிறது, அலைவு மெதுவாகிறது.

இரண்டாம் கட்டம்

வின்சென்ட், மார்மோத்தான் குழுவினர் 2012இல் வெளியிட்ட ஆய்வில், நீர்க்கூழ்மத்துள் அமைந்த நுண்ணறைகளில் இவ்விரைவான அலைவு காணப்பட்டது. அதன் பின்னர் நீர் சுவரின் வழியே வெளியேற, குமிழி மெல்ல வளர்ந்து அறையை நிரப்பியது. மரத்திலும் அண்டைக் குழாய்கள் சுவர்த் துளைகளின் வழியே நீரை ஈர்த்துக்கொள்கின்றன.

முடிவுரை

முதற்கட்டத்தோடு நின்றுவிடும் கணிப்பு, குமிழி சிறியதாகவே நின்றது என்று காட்டும். மரம் பிழைத்தது என்ற தவறான முடிவுக்கும் இட்டுச்செல்லும். குழாய் அடைபடுவது இரண்டாம் கட்டத்தில்தான். எனவே அலையாத்தி மரத்தை உருவகப்படுத்துவோர் சுவரின் விறைப்பைப் போலவே அதன் நீர்க்கசிவுத் திறனையும் சமன்பாட்டில் சேர்த்தல் இன்றியமையாதது.