மூன்று நாள் விடுமுறை! எதைப் பார்ப்பது? எதை விடுவது?

சேலம், நாமக்கல் வட்டாரத்தைச் சுற்றிப் பார்க்க நினைக்கும் குடும்பங்களுக்கு...

விடுமுறை வந்தால் வீட்டில் ஒரு வழக்கும் வந்துவிடும்.

"அருவியில் குளிக்க வேண்டும்" என்பான் மகன். "படகில் போக வேண்டும்" என்பாள் மகள். "ஆஞ்சநேயரைக் கும்பிட வேண்டும்" என்பார் பாட்டி. "என்னால் படி ஏற முடியாதே!" என்று முழங்காலைத் தடவுவார் தாத்தா. "இருப்பது மூன்று நாள் லீவு. பணமும் எண்ணி வைத்த பணம்" என்பார் அப்பா. அம்மா ஒன்றும் சொல்லமாட்டார். அவரை யாரும் கேட்பதும் இல்லை.

இந்த வழக்குக்குத் தீர்ப்பு என்ன?

பச்சை மலை, அருவி, காப்பித் தோட்டம், பலாப்பழம் என்று வெப்ப நாடுகளைத் தேடிக் கடல் கடந்து வருகிறார்கள் மேல்நாட்டார். சேலம், நாமக்கல் மக்களுக்கு அவை அத்தனையும் வாசலிலேயே இருக்கின்றன. ஆனால் மூன்று நாளில் முப்பது இடம் பார்க்கப் போனால், பஸ்ஸின் ஜன்னலைத்தான் பார்க்க முடியும். நாளுக்கு ஒரு திசை. அதுதான் சரியான கணக்கு.

முதல் நாள்: ஏற்காடு

சேலத்தில் வெயில் கொளுத்தும்போது, சுமார் 30 கிலோமீட்டர் தூரத்தில் குளிர்காற்று வீசுகிறது. 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டினால் ஏற்காடு! கடல் மட்டத்துக்குச் சுமார் 5,000 அடி உயரம். "ஏழைகளின் ஊட்டி" என்று மக்கள் இதைச் சொல்வது சும்மா இல்லை.

இங்கே தவறவிடக் கூடாதது காப்பித் தோட்டம். 1820-ம் ஆண்டு முதல் 1829 வரை சேலத்தில் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்ற வெள்ளைக்காரர்தான் இந்த மலையில் காப்பிப் பயிரைக் கொண்டுவந்தார். உயர்ந்த மரங்களின் நிழலில் காப்பிச் செடி. அந்த மரங்களிலேயே மிளகுக் கொடி! கோடை மழை ஒன்று பெய்துவிட்டால், காப்பிச் செடி வெள்ளை வெளேர் என்று பூக்கும். மல்லிகை போல மணக்கும்.

மகள் கேட்ட படகு ஏரியில் இருக்கிறது. தாத்தாவும் ஏறிக்கொள்ளலாம். மாலையில் "லேடிஸ் சீட்" என்ற இடத்தில் உட்கார்ந்தால், கீழே சேலம் நகரத்தின் விளக்குகள் நட்சத்திரம் போல மின்னும். இதற்குக் காசு வேண்டாம், பொறுமை போதும்.

இரண்டாம் நாள்: நாமக்கல், கொல்லிமலை

காலையில் நாமக்கல். ஊருக்கு நடுவே ஒரே பாறை! அதன் உச்சியில் கோட்டை. படிகளைப் பாறையிலேயே வெட்டியிருக்கிறார்கள். வெயில் ஏறுவதற்கு முன்பே ஏறி இறங்கிவிட வேண்டும். மதியம் பாறை சுடும்.

கீழே பாட்டி தேடி வந்த ஆஞ்சநேயர் நிற்கிறார். உயரம் 18 அடி. தலைக்கு மேல் கூரை கிடையாது. மழையிலும் வெயிலிலும் கைகூப்பியபடி, எதிரே உள்ள நரசிம்மரைப் பார்த்து நிற்கிறார். அந்தக் கோவிலில் உள்ள நாமகிரித் தாயார்தான் கணிதமேதை ராமானுஜத்தின் குலதெய்வம். கணக்குப் பாடத்துக்குப் பயப்படும் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லலாம்!

அங்கிருந்து கொல்லிமலை. காரவள்ளியில் தொடங்கும் மலைப்பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள்! வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஏறினால் தலை சுற்றும். இருட்டுவதற்குள் இறங்கிவிடுவது நல்லது.

கடையெழு வள்ளல்களில் ஒருவரான வல்வில் ஓரி ஆண்ட மலை இது. ஓரி விட்ட ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் துளைத்ததாகப் புறநானூறு சொல்கிறது. ஆடி மாதத்தில் ஓரிக்கு இங்கே விழா நடக்கிறது.

மகன் கேட்ட அருவி, ஆகாய கங்கை. சுமார் 300 அடி உயரத்திலிருந்து கொட்டுகிறது. ஆனால் அதைப் பார்க்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். இறங்குவது எளிது, ஏறும்போதுதான் மூச்சு வாங்கும். முழங்கால் வலி, நெஞ்சு நோய் உள்ளவர்கள் இறங்கவே கூடாது. தாத்தாவும் பாட்டியும் மேலே அறப்பளீசுவரர் கோவிலில் இளைப்பாறட்டும். மலையில் மழை பெய்தால் அருவியில் திடீரென்று வெள்ளம் வரும். "குளிக்க வேண்டாம்" என்று காவலர் தடுத்தால் வாதாடக் கூடாது. குளியலை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம். பிள்ளையை வாங்க முடியுமா?

மூன்றாம் நாள்: தாரமங்கலம், மேட்டூர்

இது தாத்தாவின் நாள். மலையும் இல்லை, படியும் அதிகம் இல்லை.

தாரமங்கலம் கைலாசநாதர் கோவில், கெட்டி முதலியார் மரபினர் எடுப்பித்த கற்கோவில். ஒரு தூணில் ராமர் வில்லோடு நிற்கிறார். அங்கிருந்து பார்த்தால் வாலியின் தூண் தெரியும். வாலியின் தூணிலிருந்து பார்த்தால் ராமர் தெரியமாட்டார்! சிங்கத்தின் வாயில் ஒரு கல் உருண்டை. விரலால் உருட்டலாம், வெளியே எடுக்க முடியாது. பிள்ளைகள் இந்த இடத்தை விட்டு நகரமாட்டார்கள்.

பிறகு மேட்டூர். 1934-ல் கட்டி முடிக்கப்பட்ட அணை. நீர்மட்டத்தின் முழு அளவு 120 அடி. தஞ்சை வயல்களுக்குப் போகும் தண்ணீர் இங்கேதான் தங்கிப் போகிறது. அணையின் அடியில் பூங்கா. மீன் சாப்பிடுபவர்களுக்கு, சுடச்சுட வறுத்த மீன் பக்கத்திலேயே கிடைக்கும். ஆனால் ஆழம் தெரியாத இடத்தில் காவிரியில் இறங்க வேண்டாம்.

நீர் மிகவும் வற்றிப்போனால் அணைக்குள் ஓர் அதிசயம் தெரியும். நீரில் மூழ்கிய பழைய ஊர்களின் நந்தி சிலையும், மாதா கோவில் கோபுரமும் மேலே தலைகாட்டும். நமக்குச் சோறு கிடைக்க, சிலர் தங்கள் ஊரையே கொடுத்தார்கள் என்பதைப் பிள்ளைகளுக்கு அங்கே சொல்ல வேண்டும்.

அம்மாவின் பங்கு

மகன், மகள், பாட்டி, தாத்தா எல்லோர் ஆசையும் நிறைவேறியது. செலவு அடங்கியதில் அப்பாவுக்கும் மகிழ்ச்சி. அம்மா?

ஊர் சுற்றப் போன இடத்திலும் விடியுமுன் எழுந்து புளிச்சாதம் கட்டியவர் அவர்தான். மூன்றாம் நாள் மாலை சேலம் கடைத்தெருவுக்கு அவரை அழைத்துப் போகவேண்டும். இரண்டு தட்டுவடைக்கு நடுவே துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம், காரச் சட்னி வைத்துத் தருகிறார்களே, அந்தத் தட்டுவடை செட்டை வாங்கிக் கொடுக்க வேண்டும். மாம்பழக் காலமாக இருந்தால் ஒரு கூடை மல்கோவாவும் வாங்கலாம்.

அடுத்த விடுமுறைக்குத் திட்டம் போடும்போது, "உனக்கு எங்கே போக ஆசை?" என்று முதலில் அவரிடமே கேட்டுவிட்டால், வீட்டில் வழக்கே வராது!